ஒரு மஞ்சாடி மருந்து: தோட்டாவில் அளவும் அடக்கமும்

தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளிப்பு நடந்த நாட்களில், சிப்பியிலிருந்து எடுத்த முத்துகளைப் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலித்துத்தான் விலை பேசுவார்கள். முதல் சல்லடையில் 20 கண்கள். அடுத்தவற்றில் 30, 50, 80, 100, 200, 400, 600, 800 என்று கண்கள் எண்ணிக்கையில் பெருகி அளவில் சிறுக்கும். பத்தாவதில் 1000 கண்கள். சலித்து முடித்ததும் உருட்சியும் ஒளியும் பார்த்து ஆணிமுத்தைத் தனியே பிரிப்பார்கள். அதன் பிறகே நிறுவை: 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. 1961-ஓடு இந்தக் கரையின் பெரிய முத்துக்குளிப்புகள் ஓய்ந்துவிட்டன. ஆனால் சலி, தரம் பிரி, நிறு என்ற அந்த ஒழுங்கு நமக்கு விட்டுச்சென்ற பாடம் வேறோர் இடத்திலும் பொருந்துகிறது.

துப்பாக்கி மருந்தையும் உலகம் இதே முறையில்தான் கட்டுக்குள் கொண்டுவந்தது. மணி மணியாக்கிச் சல்லடையில் சலித்தார்கள், பருமன் வாரியாகப் பிரித்தார்கள், பிறகு நிறுத்தார்கள். இன்றும் தோட்டா மருந்தை நிறுக்கும் அலகு கிரெயின். ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம். மஞ்சாடி விதை ஒன்று ஏறக்குறைய நான்கு கிரெயின், அதாவது கால் கிராம். சிறிய கைத்துப்பாக்கித் தோட்டா ஒன்றிலுள்ள மருந்து முழுவதும் ஏறத்தாழ ஒரு மஞ்சாடி விதையின் எடைதான். அதில் கால் மஞ்சாடி பிசகினால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பிசகியதாகிவிடும். துப்பாக்கி பிளக்கவும் கண் போகவும் அது போதும்.

தோட்டாவுக்குள் எவ்வளவு மருந்து போவது பாதுகாப்பு, எவ்வளவு போனால் குறி தப்பாது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் காலந்தோறும் என்ன விடைகள் கிடைத்தன, அவற்றில் எவை நின்றன என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். இரண்டும் ஒரே கேள்வி என்பதே என் முடிவு.

கைக்கணக்கின் காலம்

தூத்துக்குடிக்குச் சற்று வடமேற்கே பாஞ்சாலங்குறிச்சி. 1799 செப்டம்பர் 5 அன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் பானர்மேனுடைய படை அங்கிருந்த கோட்டையைத் தாக்கியது. அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் அதன் பாளையக்காரர் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய அவர் தம்பி ஊமைத்துரை, இடிந்த கோட்டையைத் திரும்ப எழுப்பினார். அவருடைய ஆட்கள் தூத்துக்குடிக் கோட்டையையும் பிடித்தார்கள். மார்ச் 31 அன்று கம்பெனிப் படையின் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. மே 24 அன்றுதான் கோட்டை வீழ்ந்தது.

மருந்தளவைப் பொறுத்தவரை அந்தப் போரின் இரு பக்கங்களும் இரண்டு முறைகளைக் காட்டுகின்றன. நாட்டுத் துப்பாக்கிக்காரர் மருந்துக்குடுவையிலிருந்து கொட்டி, கோலால் கெட்டித்து, திரி வைத்துச் சுட்டார். கண்ணும் கையும் பழக்கமுமே அவருக்கு அளவுகோல். கம்பெனிச் சிப்பாயின் இடுப்புப் பையில் காகிதத் தோட்டாக்கள் இருந்தன. ஒரு வெடிக்கு வேண்டிய மருந்தும் குண்டும் முன்கூட்டியே அளந்து சுருட்டப்பட்டவை. ஆனாலும் அதே மருந்தில் ஒரு சிட்டிகையைப் பற்றுக்கிண்ணத்தில் தட்டிவிட்டு மிச்சத்தையே குழலில் போட்டார்கள். அந்தச் சிட்டிகை கைக்குக் கை மாறியது. ஆகவே அளந்து வந்த மருந்தும் குழலுக்குள் ஒரே அளவாகப் போய்ச் சேரவில்லை.

இவ்வளவு தளர்வாக இருந்தும் துப்பாக்கிகள் பெரும்பாலும் தாங்கியதற்குக் காரணம் அன்று புழங்கிய கருமருந்தின் இயல்பு. எரிந்த பிறகு அதன் எடையில் பாதிக்கு மேல் புகையாகவும் கசடாகவுமே நிற்கும். வாயுவாகி உந்துவது மீதிதான். அதனால் ஓரளவு பிசகை அது பொறுத்தது. இந்தப் பொறுமையிலிருந்துதான் “கொஞ்சம் கூடப் போட்டால் கொஞ்சம் கூட வேகம்” என்ற நம்பிக்கை பிறந்தது. பிற்காலத்தில் பல விபத்துகளுக்கு வேர் அதுவே.

கடலூரில் முடிந்த ஓர் ஆராய்ச்சி வாழ்வு

மருந்தளவைக் கைப்பழக்கத்திலிருந்து கணக்குக்கு மாற்றியவர் தமிழ் மண்ணில் இறந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பெஞ்சமின் ராபின்ஸ் 1707-ல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தவர். 1742-ல் வெளியான தம் நூலில் அவர் ஒரு கருவியை விளக்கினார். கனமான மரக்கட்டையை ஊசலாகத் தொங்கவிட்டு அதில் குண்டைச் சுடுவது. கட்டை எவ்வளவு தூரம் பின்வாங்குகிறது என்பதைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிடுவது. கண்ணுக்குப் படாத வேகம் முதன்முறையாக எண்ணாகக் கிடைத்தது. கணித மேதை ஆய்லர் மூன்றே ஆண்டுகளில் அந்நூலை விரிவான விளக்கங்களோடு ஜெர்மன் மொழியில் தந்தார். 1750-ல் ராபின்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக இங்கே வந்தார். கோட்டைகளைச் சீரமைப்பது அவர் பணி. மறு ஆண்டு ஜூலை 29 அன்று கடலூரையொட்டிய தேவனாம்பட்டினத்தில், புனித டேவிட் கோட்டையில் காலமானார்.

அவர் விட்ட இடத்திலிருந்து கணித அறிஞர் சார்லஸ் ஹட்டன் பீரங்கிகளை வைத்துத் தொடர்ந்தார். குண்டின் வேகம் மருந்து எடையின் வர்க்கமூலத்தை ஒட்டியே ஏறுகிறது என்று கண்டார். அதற்காக 1778-ல் அவருக்குக் காப்ளி பதக்கம் கிடைத்தது. வேகத்தை இரட்டிப்பாக்க மருந்தை நான்கு மடங்காக்க வேண்டும் என்பது இதன் பொருள். கூடுதல் மருந்து வேகத்தை மட்டும் ஏற்றுவதில்லை. குழலின் சுவர்மேல் அழுத்தத்தையும், சூட்டையும், சுடுபவர் தோளில் உதையையும் சேர்த்தே ஏற்றுகிறது. மருந்தைக் கூட்டுகிறவர் குறைந்த லாபத்துக்கு மிகுந்த அபாயத்தை விலையாகக் கொடுக்கிறார். கூடப் போடுவது வீரம் என்ற எண்ணத்தை இந்த ஒரு கணக்கே வீழ்த்தப் போதுமானது.

புகை போனது, பொறுமையும் போனது

1884-ல் பிரான்சில் பால் வியெய் புகையற்ற மருந்தைக் கண்டார். 1887-ல் நோபெலின் பாலிஸ்டைட், 1889-ல் பிரிட்டனின் கார்டைட். நீலகிரியில் குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கார்டைட் தொழிற்சாலை இந்த வரலாற்றில் தமிழ்நாட்டின் பங்கு. அதற்கு மின்சாரம் தந்தது காட்டேரி நீர்வீழ்ச்சி. 2021 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் அது இயங்கிவருகிறது.

புகையற்ற மருந்து கருமருந்துக்கு உறவு கொண்டாட முடியாத வேறு பொருள். அது எரியும் வேகம் சுற்றியுள்ள அழுத்தத்தைப் பொறுத்தது. அழுத்தம் ஏறினால் வேகமாக எரியும்; வேகமாக எரிந்தால் அழுத்தம் மேலும் ஏறும். இந்தச் சுழலால், மேல் எல்லையை நெருங்கும்போது மருந்தில் சிறு கூடுதல் அழுத்தத்தில் பெரிய தாவலாகிவிடும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சதுர அங்குலத்துக்கு முப்பத்துச் சொச்சம் பவுண்டு. பரவலாகப் புழங்கும் .308 ரைஃபிள் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பான சாமி (SAAMI) வகுத்த உச்ச அழுத்தம் 62,000 பவுண்டு. அதே அமைப்பு சாதாரணப் பன்னிரண்டு போர் ரவைத் துப்பாக்கித் தோட்டாவுக்கு வகுத்தது 11,500 பவுண்டுதான். ஒரு துப்பாக்கி தாங்குவதை இன்னொன்று தாங்கும் என்று நினைப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

பழைய அளவுகளைப் புதிய மருந்துக்குப் பொருத்தியதால் வந்த விபரீதங்கள் பல. கருமருந்தைக் கொள்ளளவால் அளப்பது மரபு. அதே அளவுக்குப்பியால் புகையற்ற மருந்தை மொண்டு நாட்டுத் துப்பாக்கியில் போட்டால் குழல் வெடிக்கும். ரவைத் தோட்டாப் பெட்டிகளில் “டிராம் இணை” என்று ஓர் எண் அச்சிடுவது வழக்கம். அத்தனை டிராம் கருமருந்து தரும் வேகத்தை இந்தத் தோட்டாவும் தரும் என்பது அதன் பொருள். அதைப் புகையற்ற மருந்தின் எடை என்று படித்தால் அழிவுதான். தமிழ் பேசுபவர் காதுக்கு இன்னொரு பொறியும் உண்டு. கிரெயின், கிராம் இரண்டும் ஒலியில் நெருங்கியவை. ஒரு கிராம் என்பது பதினைந்தரை கிரெயின். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தோட்டாவைத் தாமே நிரப்பும் பொழுதுபோக்கில் சட்டப்படி இறங்கும் நம்மவர்கள் தராசின் அலகுப் பொத்தானைப் பார்க்காமல் ஒரு மணிகூட நிறுக்கக்கூடாது.

அளவு ஓர் எண் அல்ல

பாதுகாப்பான அளவு என்று தனியாக ஓர் எண் இருப்பதாக நினைப்பதே முதல் பிழை. மருந்தின் எடை அழுத்தத்தைத் தீர்மானிக்கும் பல காரணங்களில் ஒன்றுதான். குண்டு கனத்தால் அழுத்தம் ஏறும். ஒரே கனமுள்ள குண்டுகளுக்குள்ளும் செம்பு உறையின் கடினமும் குழலில் பதியும் நீளமும் மாறினால் அழுத்தம் மாறும். குண்டைத் தோட்டாவின் கூட்டுக்குள் ஆழமாக அழுத்திவிட்டால் மருந்துக்கான இடம் குறையும். சிறிய கைத்துப்பாக்கித் தோட்டாவில் இந்தச் சிறு ஆழம் பெரிய தாவலை உண்டாக்கும். ராணுவப் பித்தளைக் கூடு பெரும்பாலும் தடிப்பானது. வெளியே ஒன்றுபோல் தெரிந்தாலும் உள்ளே இடம் குறைவு. மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரை மாற்றினாலும் அது பற்றும் விதம் மாறும்.

ஆகவே உலகெங்கும் நம்பத்தக்க வழிகாட்டிகள் ஒரே வாக்கில் சொல்வது இது: மருந்து தயாரிப்பாளரோ குண்டு தயாரிப்பாளரோ அழுத்தமானியில் சோதித்து வெளியிட்ட அட்டவணையைத்தான் எடுக்க வேண்டும், அதில் சொன்ன பொருள்களையே சேர்க்க வேண்டும், தொடக்க அளவில் தொடங்க வேண்டும். தொடக்க அளவு தராத அட்டவணையென்றால் உச்சத்திலிருந்து பத்தில் ஒரு பங்கு குறைப்பது மரபு. ஏதாவது ஒரு பொருள் மாறினால் திரும்பவும் அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

தொழிற்சாலைத் தோட்டாவைப் பிரித்து, உள்ளிருக்கும் மருந்தை நிறுத்து, அதே அளவு போடுவது அறிவாளித்தனம்போலத் தோன்றலாம். அது கொடிய தவறு. தொழிற்சாலைகள் ஒவ்வொரு தொகுதி மருந்தையும் சோதித்து அதற்கேற்ப அளவை ஏற்றி இறக்குகின்றன. அந்த மருந்து கடையில் டப்பாவில் விற்கும் மருந்தாக இருப்பதில்லை. நிறமும் மணியும் ஒத்திருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. கண்ணால் பார்த்து மருந்தை அடையாளம் காணும் ஆற்றல் எவருக்கும் இல்லை.

எச்சரிக்கைக் குறிகள் எவ்வளவு தூரம் பேசும்?

அளவைச் சிறிது சிறிதாக ஏற்றிச் செல்கிறவர்கள் சுட்ட கூட்டில் சில குறிகளைத் தேடுவார்கள். பிரைமரின் முகம் தட்டையாவது, ஊசி பட்ட இடத்தில் விளிம்பு எழுவது, போல்ட் இறுகுவது, கூட்டின் அடியில் பளபளப்பான தழும்பு விழுவது. இவற்றுள் எது தெரிந்தாலும் நிறுத்திவிட வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு கிடையாது. எதுவும் தெரியாவிட்டால் பாதுகாப்பு என்று கொள்ளலாமா என்பதில்தான் நெடுங்கால விவாதம் இருக்கிறது.

என் மதிப்பில் அந்த விவாதம் முடிந்துவிட்டது. மெல்லிய பிரைமர் குறைந்த அழுத்தத்திலேயே தட்டையாகும். தடித்தது எல்லை கடந்த பிறகும் உருண்டையாகவே நிற்கும். போல்ட் இறுகும் வேளையில் அழுத்தம் பல ரைஃபிள்களில் வரம்பை ஏற்கெனவே தாண்டியிருக்கும். குறைந்த அழுத்தத்துக்காகச் செய்த பழைய துப்பாக்கியோ குறி காட்டுவதற்கு முன்பே உடைந்துவிடும். குறிகள் வெள்ளம் வந்த பின் அடிக்கும் மணி. அவற்றைவிட நம்பகமானது குரோனோகிராஃப் என்ற வேகமானி. அட்டவணை சொன்ன வேகம் அட்டவணை சொன்னதைவிடக் குறைந்த மருந்திலேயே வந்துவிட்டால் அழுத்தமும் வந்துவிட்டது என்று பொருள். ராபின்ஸின் மரக்கட்டை செய்த வேலையை இன்று கைக்கடக்கமான கருவி செய்கிறது.

ஐரோப்பாவின் பரிசோதனைக் கூடங்கள் துப்பாக்கியை விற்பனைக்கு விடுமுன் வழக்கமான உச்சத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு கூடுதலான அழுத்தத்தில் சுட்டுப் பார்த்து முத்திரை குத்துகின்றன. “தாங்கும் என்று முத்திரை இருக்கிறதே” என்று அந்தக் கால் பங்கைக் கைச்செலவுக்கு எடுத்துக்கொள்பவர் உண்டு. அது உலோகத்தின் பழுதுக்கும் மனிதப் பிழைக்கும் விட்ட இடைவெளி. அன்றாடம் எடுத்துச் செலவழிக்க அது யாருக்கும் சொந்தமில்லை.

குறைவும் கொல்லும்

கூடினால் ஆபத்து, குறைத்தால் பத்திரம் என்று நினைப்பதும் முழு உண்மை ஆகாது. மருந்து மிகக் குறைந்தால் குண்டு குழலிலேயே நின்றுவிடலாம். அதை அறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். மெதுவாக எரியும் மருந்தைப் பெரிய கூட்டில் கொஞ்சமாகப் போட்டபோது எதிர்பாராத அழுத்தம் எழுந்து துப்பாக்கிகள் சிதறியதாகப் பல பதிவுகள் உள்ளன. அதன் காரணத்தை அறிஞர்கள் இன்னும் ஒருமுகமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அட்டவணையின் கீழ் எல்லையையும் மேல் எல்லையைப் போலவே மதிக்க வேண்டும் என்ற முடிவில் எல்லோரும் ஒன்றுபடுகிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை இரட்டை மருந்து. வேகமாக எரியும் கைத்துப்பாக்கி மருந்து கூட்டில் பாதிகூட நிரப்பாது. கவனம் ஒரு நொடி சிதறினால் இரண்டாம் முறையும் விழும். கூட்டை நன்கு நிரப்பும் மருந்தைத் தேர்ந்தால் இரட்டிப்பு வழிந்து காட்டிக்கொடுக்கும். மேசைமேல் ஒரே ஒரு மருந்து டப்பா. கூடுகளை வரிசையாக நிறுத்தி விளக்கொளியில் ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்ப்பது. பேச்சுத் துணையும் கைப்பேசியும் இல்லாத தனிமை. விபத்துகள் கற்றுக்கொடுத்த ஒழுக்கம் இவ்வளவுதான்.

குறியின் கணக்கு

இனித் துல்லியம். உச்ச அளவுதான் குறி தவறாத அளவு என்ற எண்ணத்தை அனுபவம் ஆதரிக்கவில்லை. பெரும்பாலான ரைஃபிள்கள் உச்சத்துக்குக் கீழேயே குண்டுகளை நெருக்கமாக விழவைக்கின்றன. அந்த அளவை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில்தான் பல கருத்துகள். அமெரிக்கரான கிரைட்டன் ஆடெட்டின் பெயரோடு வழங்கும் ஏணிமுறையில், அளவைப் படிப்படியாக ஏற்றிச் சுட்டு, எந்தப் படிகளில் குண்டுகள் ஒரே உயரத்தில் விழுகின்றன என்று பார்ப்பார்கள். அந்தச் சமதளத்தின் நடுவே நின்றால் சிறு பிசகு குறியைக் கெடுக்காது என்பது கோட்பாடு.

இதற்கு வலுவான மறுப்பு புள்ளியியலிலிருந்து வருகிறது. படிக்கு ஒன்றோ மூன்றோ குண்டுகள் சுட்டுக் கண்ட சமதளம் தற்செயலாகவும் அமையலாம். மறுநாள் அதே அளவில் இருபது சுட்டுப் பார்த்தால் பல சமதளங்கள் கரைந்துவிடுகின்றன. மூன்று குண்டுகள் ஒட்டிவிழுந்த அட்டையைச் சட்டம் போட்டு மாட்டுவது மகிழ்ச்சி தரும்; சான்று ஆகாது. இன்னொரு செய்தியும் எண்ணத் தக்கது. துப்பாக்கியை மேசைமேல் தாங்கவைத்து நூறு, இருநூறு கஜத்தில் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளில் வெல்பவர்கள் பலர் மருந்தை நிறுப்பதுகூட இல்லை. நல்ல அளவைக்கருவியில் கொள்ளளவாகவே போடுகிறார்கள். ஆயிரம் கஜத்தில் கதை மாறிவிடும். வேகத்தின் சிறு ஏற்ற இறக்கமும் அங்கே குண்டை மேலும் கீழுமாக இறக்கும். ஒரு கிரெயினின் பத்தில் ஒரு பங்கும் அப்போது கணக்கில் வரும்.

இரு தரப்பையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. குறியைத் தருவது மந்திர எண் எதுவும் அல்ல, ஒருசீர்மை. அதே கூடு, அதே குண்டு, அதே ஆழம், அதே மருந்துத் தொகுதி, அதே கைவேகம். பாதுகாப்பைத் தருவதும் இவையே. குண்டுக்குக் குண்டு வேகம் தாவுகிறவரிடம் அழுத்தமும் தாவும். அவர் குறி தவறுவதும் அவர் துப்பாக்கி பழுதாவதும் ஒரே நோயின் இரு அறிகுறிகள்.

வெயிலும் சட்டமும்

நம் கரைக்கென்று ஒரு பாடம் இருக்கிறது. புகையற்ற மருந்து சூடேறினால் வேகமாக எரியும். பெரிய வேட்டைத் துப்பாக்கிகள் செய்த ஆங்கிலேய நிறுவனங்கள் இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் மருந்து குறைந்த வெப்பமண்டலத் தோட்டாக்களைத் தனியே செய்தது இதனால்தான். குளிர் நாட்டில் உச்சத்தில் நின்ற அளவு, உப்பளத்துச் சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள் கிடந்தால் உச்சத்தைக் கடந்துவிடும். பழைய மருந்து உள்ளேயே சிதையவும் செய்யும். புளித்த அமில வாடையும் செந்நிறத் தூசியும் அதன் அடையாளங்கள். அப்படிப்பட்ட மருந்து சுடுவதற்கும் ஆகாது, சேமிப்பதற்கும் ஆகாது.

இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் மருந்துச் சுமையையும் தோட்டா என்ற வரையறைக்குள்ளேயே வைக்கிறது. உரிமமின்றித் தோட்டா உருவாக்குவது குற்றம். 2019 திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கியது. நம் விளையாட்டு வீரர்களில் பலர் சுடும் .22 தோட்டாவின் பற்றுமருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் அது மறுநிரப்புக்கு உகந்ததும் அல்ல. அவர்கள் வெவ்வேறு தொழிற்சாலைத் தொகுதிகளைத் தம் துப்பாக்கியில் சுட்டுப் பார்த்து, ஒத்துவரும் தொகுதியை வாங்கிவைக்கிறார்கள். அளவைத் தேடும் அறிவு அங்கே தேர்வாக மாறியிருக்கிறது.

சட்டத்தின் கடுமையை நான் முழுமனதோடு ஏற்கிறேன். கண்ணளவு மருந்தின் விலையை இந்த மாவட்டங்கள் அறிந்திருக்கின்றன. சிவகாசி, கோவில்பட்டிப் பக்கத்துப் பட்டாசு அறை ஒன்றில் நால்வருக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி உயிர்களைக் கொடுத்துப் பெற்றது. மன்னார் வளைகுடாவில் வெடி வைத்து மீன் பிடிக்கப் போய்க் கையை இழந்தவர்கள் உண்டு. மேற்கு மாவட்டக் காடுகளில் பன்றிக்கு வைத்த, வெடிமருந்து பொதிந்த அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதைந்த யானை, நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. இவற்றில் எங்கும் தராசு இல்லை. அளவைக் குறித்துவைத்த ஏடும் இல்லை.

முத்துச் சல்லடைக்காரர் பெரிய முத்து வேண்டும் என்பதற்காகச் சல்லடையின் கண்ணைப் பெரிதாக்கியதில்லை. 20 கண் சல்லடையில் தங்காத முத்தை அடுத்த சல்லடைக்கு விட்டார். அங்கும் தங்காததை அதற்கடுத்ததற்கு விட்டார். உரிமமும் தேவையும் உள்ளவர் மருந்தைத் தொடும்போது அவரிடம் நான் வேண்டுவதும் அவ்வளவே: அட்டவணை சொல்லும் இடத்தில் நிற்க வேண்டும், தராசு காட்டியதை ஏட்டில் எழுத வேண்டும், சந்தேகம் வந்த தோட்டாவைச் சுடாமல் பிரித்துவிட வேண்டும்.